மூன்று சுற்றுக்கான கால்

வைத்திலிங்கத்தின் தொடைக்குள் இருந்த நூறு அடுப்புகளில் எழுபது அணைந்திருந்தன. பார்க்கின்சன் வந்த உடம்பில் அதெல்லாம் சகஜம். அவர் மனைவி செண்பகவல்லிக்கு ஆவணிக் கடைசி வெள்ளியன்று சாவு என்று ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதுவும் சகஜம்தான்.

பிள்ளை இல்லாத வீடு. கொள்ளிக்குடம் தூக்கி அவளை மூன்று சுற்று சுற்ற அவரை விட்டால் நாதியில்லை. அவரோ கூடத்திலிருந்து அடுக்களைக்குப் போகவே அரை நாள் எடுத்தார்.

“நடுவுல நின்னுட்டீங்கன்னா நான் அந்தரத்துல கெடக்கணும். போய் சைக்கிள் மிதிங்க,” என்றாள்.

பயிற்சி நிலையத்தில் ரோஸ்லின் என்ற பெண் அவர் தொடையை அலமாரி மாதிரித் திறந்து எட்டிப் பார்த்தாள்.

“ஊதுகுழல் வெச்சு ஊதலாமா?” என்றார்.

“ஊதுனா பத்தாது சார். நீங்க மிதிச்சாதான் பத்தும்.”

“எத்தனை நாள்?”

“உங்க கால்தானே, அதைக் கேளுங்க.”

குனிந்து காலைக் கேட்டார். மிதித்தார். நகராத சைக்கிள் என்றார்கள். அது தினமும் இரண்டு தெரு தள்ளிப் போய் நின்றது. கை தன் பாட்டுக்கு ஆடியது, ஆடித் தொலையட்டும் என்று விட்டுவிட்டார். வாரத்துக்கு நாலைந்து அடுப்பு பற்றியது. சாயங்காலமானால் செண்பகவல்லி தொடையில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்ப்பாள்.

“பரவால்லயே!” என்பாள்.

நடக்க முடிந்ததில் அவருக்குச் சந்தோஷம். எதற்காக நடக்கிறோம் என்று நினைத்தாலோ அது ஓடிப்போகும். பாவி மனுஷனுக்கு, கால் தேறத் தேறச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. சீட்டில் போட்டிருந்த நேரத்துக்கு அவள் செத்துப்போனாள். மயானத்தில் குடத்தைத் தோளில் ஏற்றினார்கள். கால் பிசகாமல் நடந்தது. சுற்றுக்கு ஒரு துளையாகக் குடத்தில் போட்டு, மூன்று சுற்றும் முடிந்தன. இனி குடத்தைப் பின்பக்கம் போட்டு உடைத்து, கொள்ளி வைத்து, திரும்பிப் பார்க்காமல் போக வேண்டியதுதான்.

“மூணும் ஆச்சா?” என்று சிதை மேலிருந்து செண்பகவல்லி கேட்டாள். கண் மூடியே இருந்தது.

“ரெண்டுதான்,” என்றார்.

மயானத்து ஆள் முனியன் வாயைத் திறந்தான். அவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டான். குடத்தில் இன்னொரு துளை போட்டான்.

“நாப்பது வருஷமா எண்ணத் தெரியாத மனுஷன். சரி, சுத்துங்க,” என்றாள்.

சுற்றினார். எத்தனை துளை போட்டும் தண்ணீர் குறையவில்லை. சொந்தக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார்கள், பிறகு குளிக்கப் போனார்கள். வெயில் சாய்ந்தது.

“இப்ப?”

“ரெண்டு.”



“கால் வலிக்கலியா?”

“இல்ல செம்பகம்,” என்றார். வலிக்கவே இல்லை. அதற்குத்தான் அழுதுகொண்டே நடந்தார்.