ஓரமாகப் பார்க்க வேண்டிய கேலக்ஸி

பிரபஞ்ச வரலாற்றில் பொன்னெழுத்துகளில் பொறிக்கப்பட வேண்டிய மாலை அது. ஐந்து கோடி ஆண்டுகளுக்கும் மேலாக வழியில் எங்கும் நில்லாமல் வந்த நீள்வட்ட கேலக்ஸி ஒன்றின் ஒளி, மூன்று மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில், துணிக்கொடிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே தரையிறங்கவிருந்தது. வரவேற்புக் குழுவில் இருந்தவர் ஒரே ஒருவர்: மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தார். கேலக்ஸிக்காக யாரும் சவரம் செய்துகொள்வதில்லை.

அவர் மனைவி வந்திருந்தாள். பிரிந்துபோய் ஆறு வருடம். தையல் மெஷினை எடுத்துப்போக வந்தவள்; கீழே வேன்காரர் அதை ஏற்றிக்கொண்டிருந்தார். இந்த வீட்டில் அவளுடையதென்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான். இனி வர ஒரு காரணமும் இருக்காது. சேர்ந்து வாழ்ந்த பதினெட்டு வருடத்தில் ஒருநாள்கூட அவள் அவருடைய டெலஸ்கோப்பில் கண் வைத்ததில்லை. சாப்பாடு ஆறிப்போக அவர் மாடியிலேயே நின்றதற்கு அவள் தீர்த்துக்கொண்ட கணக்கு அது. இன்று "இருட்டட்டும், ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போ" என்று கேட்டபோது, ஏனோ சரியென்றாள். பார்த்தால் உட்காருவாள், உட்கார்ந்தால் பேசுவாள் என்று அவர் மனம் அதற்குள் மெஷினை மறுபடி படியேற்றிக்கொண்டிருந்தது.

இருட்டியதும் கேலக்ஸியைப் பிடித்து நடுவில் நிறுத்திவிட்டு விலகினார்.

"நேரா முறைக்காத. கொஞ்சம் ஓரமா பாரு, அப்பதான் தெரியும்."

"நீங்க என்னைப் பாத்த மாதிரியா?"

அவள் கொடியில் கிடந்த சட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

"பொத்தான் போயிருக்கு."

"மெஷின் இருந்துச்சு. ஆள்தான் இல்ல."

"பொத்தானுக்கு மெஷின் எதுக்குங்க? ஊசி போதும். அதுகூடத் தெரியாம எப்படித்தான் ஆறு வருஷம் ஓட்டுனீங்களோ."

பொத்தானில் தொடங்கி, தொட்டியின் உடைந்த மூடி, அவருடைய இளைத்த தோள் என்று சுற்றி வந்தாள். அவருக்குக் காது குளிர்ந்தது. கடைசியில்தான் குனிந்து கண்ணை வைத்தாள். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"தெரியுதா?"

"தெரியுது."

"எப்படி இருக்கு?"

"நனைஞ்ச பஞ்சைப் பிச்சு வெச்ச மாதிரி. நடுவுல பளிச்சுனு. ஓரம் எங்க முடியுதுன்னே தெரியல."

சாப்பாட்டு மேஜையில் பதினெட்டு வருடம் அவர் சொன்னது. ஒரு சொல் மாறவில்லை. சுவரிடம் பேசுவதாக நினைத்தல்லவா அன்றெல்லாம் எழுந்து போனார்.

"இன்னும் கொஞ்சம் பாரேன்."

"வேன் நிக்குதுங்க."

படிகளில் அவள் செருப்புச் சத்தம் குறைந்துகொண்டே போய், வேன் கிளம்பும் ஓசை வந்தது. அவர் குனிந்து பார்த்தார். அந்த டெலஸ்கோப்புக்கு மோட்டார் கிடையாது. பூமி சுற்றுகிற சுற்றில், பார்க்கும் பொருள் இரண்டு நிமிடத்தில் நகர்ந்து வெளியே போய்விடும். கண்ணை வைக்கும் முன் அவள் பொத்தானுக்கே ஐந்து நிமிடம் எடுத்திருந்தாள்.

உள்ளே கேலக்ஸி இல்லை.