ஆறாவது அருள்நாதன்

ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் நின்று ‘அருள்நாதன்’ என்று குரல் கொடுத்தால் ஐந்து பேர் எட்டிப் பார்ப்பார்கள். குரல் கொடுத்தது போலீஸாக இருந்தால் ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

ஐந்து பேருக்கும் வயது நாற்பது. அவர்கள் பிறந்த வருஷம் புயலடித்துச் சந்து முழுக்க இடுப்பளவு தண்ணீர். அப்போது பங்குச் சாமியாராக இருந்தவர் பெயர் அருள்நாதர். கோயில் கதவைத் திறந்துவிட்டு, பதினோரு நாள் அத்தனை குடும்பத்தையும் உள்ளே தங்கவைத்துத் தன் கையாலேயே கஞ்சி காய்ச்சி ஊற்றினார். அந்த நன்றிக்கு, அந்த வருஷம் பிறந்த ஆண் குழந்தைகளுக்கெல்லாம் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். நன்றி நல்லதுதான். ஆனால் கஞ்சி குடித்தது ஒருவர், அவஸ்தைப்படுகிறது இன்னொருவர். ஒருத்தர் வீட்டுக் கூரியர் இன்னொருத்தர் வீட்டில் பிரிபடும். ஒருத்தர் வீட்டு கேஸ் சிலிண்டரில் இன்னொருத்தர் வீட்டுக் குழம்பு கொதிக்கும்.

ஆகவே ஊரே அவர்களுக்கு அடைமொழி போட்டது. காசிமேட்டில் படகுகளுக்கு ஐஸ் உடைத்து ஏற்றுகிறவர் ஐஸ் அருள்நாதன். பெரம்பூர் ரயில்வே கேரேஜ் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறவர் கேரேஜ். கோயில் பாடற்குழுவில் வாசிக்கிறவர் ஆர்மோனியம். புழல் சிறையில் வார்டராக இருக்கிறவர் புழல் அருள்நாதன். புதிதாகக் கேட்கிறவர்கள் அவரை உள்ளே இருந்துவிட்டு வந்தவர் என்றே நினைத்துக்கொள்வார்கள், பாவம். ஐந்தாமவர் எண்ணூர் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களைக் கரையில் கயிறு போட்டுக் கட்டுகிறவர். கயிறு அருள்நாதன். ஐரீனின் கணவர்.

இந்தப் பெயரால்தான் ஐரீன் வீட்டில் ஆறு நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை.

போன சனிக்கிழமை மீன் வாங்கப் போன இடத்தில் யாரோ ஒருத்தி, “உங்க அருள்நாதன் ஒயின் ஷாப்பாண்ட வுயுந்து கெடந்தாராமே” என்று சொல்லிவிட்டாள். கயிறு அருள்நாதன் மாதா மேல் சத்தியம் பண்ணிக் குடியை விட்டு மூன்று வருஷம் ஆகிறது. ஐரீன் வீட்டுக்கு வந்து ருத்ரதாண்டவம் ஆடினாள். “நான் இல்லம்மா” என்றார் அவர். “பின்ன யாரு?” என்று கேட்டாள். அதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. “பொய்யன். பச்சப் பொய்யன்” என்று சந்துக்கே கேட்கச் சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை உண்மை தெரிந்தது. ஒயின் ஷாப் பக்கத்தில் முட்டை அவித்து விற்கிற சிவந்தி தானாகவே சொன்னாள்: “வுயுந்து கெடந்தது ஐஸ் அருள்நாதன்க்கா. உங்க வூட்டுக்காரரு வேலை முடிஞ்சி அந்தப் பக்கமா வந்தாரு. பார்த்துட்டு, அவரைத் தோள்ல போட்டுகினு போய் மூஞ்சி கயுவி, தெளிய வச்சி அனுப்பினாரு. அவரு பொண்டாட்டி சில்வியாவாண்ட சொல்லிடாதன்னு என்னாண்டயும் கேட்டுகினாரு.”

ஐரீன் அன்றைக்கே போய், தப்பு என்மேல்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வார்த்தையை விட்டது சுலபம், அதைத் திரும்ப எடுக்கத்தான் ரோஷம் இடம் கொடுக்கவில்லை. சோறு கட்டிக் கொடுத்தாள், வேட்டி சட்டை துவைத்துப் போட்டாள், வாயை மட்டும் திறக்கவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று புதன் போயிற்று, வியாழனும் போயிற்று. வியாழன் மதியம் அவர் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். இரவு வரவில்லை. கப்பல் தாமதமானால் அப்படியே மறு ஷிஃப்டும் பார்த்துவிட்டு வருவது வழக்கம்தான். வழக்கமாக யாரிடமாவது சொல்லி அனுப்புவார். இந்த முறை சேதி ஒன்றும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு ஐரீன் பால் வாங்கப் போனாள். தண்ணீர்த் தொட்டிச் சுவரில் பசை காயாத போஸ்டர் ஒன்று இருந்தது.

கண்ணீர் அஞ்சலி. அருள்நாதன். வயது 40. கடலை நம்பி வாழ்ந்தவர். ஒருநாளும் பொய் சொல்லாதவர். வருந்தும் மனைவி, மக்கள், நண்பர்கள்.

படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வட்டம் மட்டும் இருந்தது. அவசரத்தில் படம் கிடைத்திருக்காது. அவசரச் சாவுக்கு அப்படித்தான் அடிப்பார்கள்.

வீட்டுக்குச் சொல்லாமலா போஸ்டர் ஒட்டுவார்கள் என்று கேட்கலாம். ஒட்டியிருக்கிறார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கடலில் தவறிய ஒருவருக்கு, விஷயம் கேள்விப்பட்ட தோழர்கள் ராத்திரியோடு ராத்திரியாக அடித்து ஒட்ட, பெண்டாட்டி விடிந்து சுவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். அந்தப் பெண் பக்கத்துச் சந்துதான். ஐரீனுக்கு அதுதான் முதலில் ஞாபகம் வந்தது. கப்பல் கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்று அவர் ஒருமுறை சொல்லியிருந்தார். அது இரண்டாவதாக ஞாபகம் வந்தது.

பால் பாத்திரத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. எண்ணெய்க் கப்பல் நிற்கும் இடத்தில் போன் கூடாது. கேட்டிலேயே வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். மேஸ்திரியின் போனும் அதே பெட்டியில்தான். இது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் இருபது தடவை போட்டாள்.

அதற்குள் சந்து கூடிவிட்டது. புழல் அருள்நாதன் வீட்டிலிருந்தே பல் துலக்கிக்கொண்டு வந்து, தன் பெயரைச் சுவரில் படித்துவிட்டுப் பிரஷ்ஷைக் கீழே போட்டார். ஆர்மோனியம் காலைப் பூசையில் வாசித்துக்கொண்டிருப்பது எல்லாருக்கும் காதிலேயே கேட்டது. கேரேஜ் அருள்நாதன் பெரம்பூர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டே போனை எடுத்து, “நான் நல்லாதான கீறேன், இன்னா விஷயம்?” என்றார். மூன்று வீடுகளில் மூச்சு வந்தது. மிச்சம் இரண்டு.

ஐஸ் அருள்நாதனின் மனைவி சில்வியா நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். அவள் புருஷனும் ராத்திரி வேலைக்குப் போனவர்தான். அவர் போனில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

“கடலை நம்பின்னு போட்டுக்கீதே அக்கா. ஐஸும் கடலை நம்பித்தான?” என்றாள் சில்வியா.

ஐரீனுக்குள் ஒரு ஜெபம் ஓடிக்கொண்டிருந்தது. மாதாவே, இது என்னுடையவராக இருக்கக் கூடாது. நாலைந்து தடவை சொன்ன பிறகுதான் தான் என்ன கேட்கிறோம் என்பது அவளுக்கே உறைத்தது. இருப்பது இரண்டு பேர். தன்னுடையவர் வேண்டாம் என்றால், எதிரே நடுங்கிக்கொண்டு நிற்கிற இவளுடையவர் போகட்டும் என்றுதானே அர்த்தம்? சில்வியாவின் கண்ணைப் பார்த்தாள். அங்கேயும் அதே ஜெபம்தான் ஓடியது. இரண்டு பேரும் ஒருத்தி கையை ஒருத்தி இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், இரண்டு பேருக்கும் வெட்கமாக இருந்தது.

சந்து முனையில் மொபெட் சத்தம் கேட்டது. ஐஸ் அருள்நாதன், ரப்பர் பூட்ஸிலிருந்து தண்ணீர் சொட்ட, “இன்னா கூட்டம்?” என்று கேட்டுக்கொண்டே வந்து இறங்கினார். இயந்திரச் சத்தத்தில் போன் கேட்டிருக்காது. சில்வியா ஐரீனின் கையை உதறிவிட்டுப் போய் அவர் மார்பில் இரண்டு கையாலும் அடித்தாள். பிறகு அங்கேயே சாய்ந்து அழுதாள்.

ஐரீன் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இனிமேல் கணக்குப் போட ஒன்றுமில்லை. ஒருநாளும் பொய் சொல்லாதவர் என்று அந்நியன் எவனோ அச்சடித்து ஒட்டியிருக்கிறான். அவரோடு பதினாறு வருஷம் வாழ்ந்தவள் பொய்யன் என்று சொன்னாள். கடைசியாகச் சொன்ன வார்த்தையும் அதுதான். செவ்வாய்க்கிழமையே சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

ஐஸ் அருள்நாதன் போஸ்டரைப் படித்தார். அவர் முகம் இருண்டுவிட்டது. “அக்கா, வண்டில குந்து. எண்ணூருக்குப் போய்ப் பார்த்துடலாம்” என்று மொபெட்டைத் திருப்பினார்.

அப்போதுதான் சௌக்கத் அலி வந்தார். பழைய வண்ணாரப்பேட்டைக்காரர், இருபது வருஷமாகச் சுற்றுவட்டாரத்தில் அஞ்சலி போஸ்டர் ஒட்டுகிறவர். எந்த மதம், எந்தக் கட்சி என்று பார்க்க மாட்டார். ஒட்டி முடித்ததும் கையைக் கழுவிக்கொண்டு சாவு வீட்டுக்கு ஒரு முழம் பூ வாங்கி வந்து வைத்துவிட்டுத்தான் போவார். அது அவர் வைத்துக்கொண்ட முறை. இப்போதும் சைக்கிள் ஹாண்டில் பாரில் பசை வாளியும் பூப்பொட்டலமும் தொங்கின.

“எந்த வூடும்மா? தேடிகினே கீறேன், சாமியானாவக் காணமே.”

“யாரு குடுத்தாங்க பாய் இதை?” என்று ஐரீன் எழுந்து நின்றாள்.

“யாரும் குடுக்கல. பிரஸ் வாசப்படில கட்டு கெடந்துச்சி.” சௌக்கத் அலி நிதானமாகச் சொன்னார். “விடியக்காலைல கண்ணீர் அஞ்சலின்னு கட்டு கெடந்தா நான் எத்துகினு போயிடுவேன். கேக்கறதுக்கு இன்னா கீது? சாவு போஸ்டரு காத்துகினு கெடக்கலாமா? பொணம் மூலக்கொத்தளம் சுடுகாடு போறதுக்குள்ள சுவத்துல ஏறணும். அருள்நாதன்னு பேரு பார்த்தேன். அருள்நாதனுங்கோ எந்தச் சந்துன்னு எனக்குத் தெரியாதா?”

அவர் சொல்லி முடிக்கவில்லை, தூரத்தில் ஒருவன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவருவது தெரிந்தது. ஜெபின். கன்டெய்னர் யார்டில் வேலை. மாதா கோயில் திருவிழாவுக்கு வருஷாவருஷம் நாடகம் எழுதிப் போடுகிறவன்.

“போஸ்டரைக் கியிச்சிடாதீங்க, அது என்னுது” என்று மூச்சு வாங்கினான்.

“உன்னுதா? நீதான் உசிரோட கீறியே” என்றார் புழல்.

“நாடகத்துக்கு அடிச்சது அண்ணே. ரெண்டாவது சீனுக்கு. கப்பல்ல போனவன் செத்துட்டான்னு ஊரே நம்பிடுது. அவன் திரும்பி வந்து தன் போஸ்டரைத் தானே சுவத்துல பார்க்கறான். காலைல பத்து மணிக்கு வந்து எத்துக்கறேன்னு பிரஸ்ல சொல்லி வச்சிருந்தேன். இப்ப போன் பண்றாங்கோ, கட்டக் காணமாம்.”

ஐரீன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவன் எதிரே வந்தாள்.

“இன்னொரு தபா சொல்லு” என்றாள்.

“மெய்யாலும் யாரும் சாவலக்கா. நாடகத்துலயும் அவன் சாவல.”

“படம் ஏன் இல்ல?”

“நடிக்கிறவங்க ஒருத்தனும் அஞ்சலி போஸ்டர்ல படம் போட ஒத்துக்கலக்கா. கேட்டா அடிக்க வர்றானுங்கோ.”

“அதுக்கு அருள்நாதன்னுதான் பேரு வைப்பியா, பேமானி?” என்று சில்வியா துண்டை முறுக்கிக்கொண்டு வந்தாள்.

ஜெபின் இரண்டடி பின்வாங்கினான். “வேற எந்தப் பேரு வச்சாலும் அந்த வூட்டுக்காரங்க சண்டைக்கு வர்றாங்கக்கா. போன வருஷம் சாலமன்னு வச்சி வாங்கிக் கட்டிகினேன். அருள்நாதன்னா அஞ்சு பேரு கீறாங்கோ, ஆளாளுக்கு அடுத்தவனைச் சொல்றான்னு நெனச்சிகினு சும்மா இருப்பாங்கன்னு பார்த்தேன். அருள்நாதன்னா வயசு நாப்பதுதான, அதான் அதையும் போட்டேன்.”

முதலில் சிரித்தது ஐஸ் அருள்நாதன். அப்புறம் சந்தே சிரித்தது. சௌக்கத் அலி மட்டும் தலையில் கைவைத்து, “தொழில்ல இப்பிடி ஒரு பேஜாரு ஆனதில்ல” என்று பூப்பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஐரீன் அதை அவர் கையிலிருந்து வாங்கினாள். சாவு வீட்டுக்கு என்று வாங்கிய பூவைத் தலையில் வைத்துக்கொள்ளலாமா என்று அவள் யோசிக்கவே இல்லை. அப்படியே கொண்டையில் சுற்றிக்கொண்டு, வாசலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அத்தனை நேரம் வராத அழுகை. ஆறு நாள் பாரமும் அதோடு இறங்கிப் போகிற மாதிரி சுகமாக இருந்தது.

“செத்தான்னு சேதி வந்தா ஆயுசு கெட்டி” என்று புழல் அருள்நாதன் எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார். ஐந்து பேருக்கும் சேர்த்துச் சொன்னதால் தனக்கும் அதில் பங்குண்டு என்று அவருக்குத் திருப்தி.

சௌக்கத் அலி சந்தில் மட்டும் ஒன்பது போஸ்டர் ஒட்டியிருந்தார். ஆளுக்கொன்றாகக் கிழிக்கப் போனார்கள். தண்ணீர்த் தொட்டிச் சுவரை ஐரீன் எடுத்துக்கொண்டாள். சௌக்கத் அலியின் பசை லேசில் விடுகிற பசை இல்லை. ஈரச்சாக்கால் ஊறவைத்து, தோசைக் கரண்டியால் சுரண்டினாள். முதலில் பெயர் போயிற்று, பிறகு கண்ணீர் அஞ்சலி, பிறகு அந்த வெற்று வட்டம்.

ஒன்பதரைக்குக் கயிறு அருள்நாதன் தோளில் துண்டும் கையில் காலித் தூக்குமாக நடந்து வந்தார். கண் ராத்திரி முழுக்க விழித்ததில் சிவந்திருந்தது.

“கப்பலு ரொம்ப லேட்டு” என்றார், பொதுவாக, காற்றிடம் சொல்கிற மாதிரி. ஆறு நாளாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். “போனைத் தொறந்தா நீ கூப்ட்டேன்னு மெசேஜு இருவது கீது. இன்னா ஆச்சி?”

ஐரீன் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். அவர் அவள் தலையில் இருந்த பூவையும் கையில் இருந்த தோசைக் கரண்டியையும் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்தார். சுவர் முழுவதும் சுரண்டியாகிவிட்டது. நடுவில் ஒரு வரியை மட்டும் அவள் தொடாமல் விட்டிருந்தாள். அவர் கிட்டே போய் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“ஒருநாளும் பொய் சொல்லாதவர்.” திரும்பினார். “யாரைப் பத்திம்மா இது?”

“ஐஸைப் பத்தி இல்ல” என்றாள் ஐரீன்.

அவர் தூக்கை அவளிடம் கொடுத்துவிட்டு, அந்த வரியையும் சுரண்டக் கரண்டியை வாங்கிக்கொண்டார்.