தானாக அடுக்கிக்கொள்ளும் செங்கல்

காலையில் கல்லூரியின் புதுக் கட்டடத்துக்கு லாரியிலிருந்து செங்கல் இறக்குவேன். பதினோரு மணிக்குமேல் அதே கல்லூரியின் ஆய்வுக்கூடத்தைக் கூட்டித் துடைக்கும் வேலை. மத்தியானம் கூடம் காலியாகிவிடும். தரையில் துண்டை விரித்து, ஃபேனை ஐந்தில் வைத்துப் படுத்தேனென்றால் குற்றாலத்து அருவியே தலையில் விழுந்தாலும் தெரியாது. அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மற்ற இருபத்து மூன்று மணி நேரமும் ஓடுகிறது.

கூடத்தில் ஆராய்ச்சி செய்வது தென்காசிப் பிள்ளை ஜுஹைனா. மூன்று நாளாக ஒரு கண்ணாடித் தட்டோடு மல்லுக்கட்டினாள். தட்டில் ஏதோ திரவம். அதன்மேல் நாவல்பழச் சாறு நிறத்தில் நாலு சொட்டு விட்டு, லேசாக மூடிவிட்டுச் சாப்பிடப் போவாள். மூன்று மணிக்கு வந்து பார்த்ததும் முகம் சுருங்கிவிடும்.

"என்னம்மா அது?" என்று கேட்டேன்.

"தங்கத் துகள், அண்ணாச்சி. எல்லாம் ஒரே அளவு. ஒரு தலைமுடி கனத்துக்குப் பத்தாயிரம் நிக்கும்."

"யாரு அடுக்குவா?"

"யாரும் அடுக்க வேண்டாம். ஒவ்வொண்ணுக்கும் மேல எண்ணெய்ப் பூச்சு இருக்கு. அதனால கட்டியா ஒட்டிக்கிடாது. மெள்ளக் காஞ்சா, தானா இடம் பாத்து வரிசையா நின்னுக்கிடும். பொன் தகடு மாதிரி மினுங்கும்."

"இப்படி அடுக்கிக்கிடுத செங்கல் எங்கயாச்சும் இருந்தா சொல்லு தாயி. என் முதுகு தப்பிச்சிரும்."

அவள் சிரிக்கவில்லை. தட்டை நீட்டினாள். வற்றிய குளத்துச் சேறு வெடித்த மாதிரி திட்டுத் திட்டாகக் கிடந்தது.

"சீக்கிரம் காஞ்சிருது. குத்தால சீசன் கூட்டம் மாதிரி முண்டியடிச்சு ஒண்ணுமேல ஒண்ணு விழுந்துருது. ஜன்னல அடச்சிட்டுத்தான் போறேன். எங்கேருந்து காத்து வருதோ. சனிக்கிழமை பேராசிரியர் பாக்க வாராரு. காட்ட ஒண்ணுமில்லேன்னா ஆராய்ச்சிய நிறுத்திருவாங்க. உம்மா மாப்பிள்ளை போட்டோவோட ரெடியா இருக்கா. கடைசிச் சொட்டு நாளைக்கு."

நான் மேலே பார்த்தேன். ஃபேன் ஒன்றும் தெரியாததுபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. சொல்ல வாயைத் திறந்தேன். கூடத்துச் சாவியை வாங்கிக்கொள்வாளே என்று மூடிக்கொண்டேன்.

மறுநாள் அவள் சொட்டை விட்டுவிட்டுப் போனாள். சித்திரை வெயில் கூரையைப் பிளந்தது. சுவிட்சின் பக்கம் போகாமல், கதவைச் சாத்தி வாசல் நிலையில் சாய்ந்து உட்கார்ந்தேன். வியர்வை வழிந்தது. துண்டால் விசிறலாமென்று கையைத் தூக்கினேன். அதுவும் காற்றுதானே என்று இறக்கிவிட்டேன். கொசு கடித்தபோதுகூட மெள்ளத்தான் தட்டினேன்.

"தங்கசாமி அண்ணாச்சி, எந்திரிங்க."

கண் விழித்தால் ஜுஹைனா. உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறேன். அவள் என்னைத் தட்டுப் பக்கம் இழுத்துப்போனாள். திரவத்தின்மேல் ஒரு பொன் ஏடு, ஒரு கீறல் இல்லாமல், என் முகம் தெரிய மிதந்தது. ஒரு கொத்தனும் இல்லை, வரிசை பார்க்க யாரும் கயிறு பிடிக்கவில்லை.

"வந்திருச்சு," என்றாள். பிறகுதான் என் சட்டையைக் கவனித்தாள். "இப்படி நனஞ்சிருக்கீங்களே. ஃபேனப் போட்டிருக்கலாம்லா?"

"மூணு நாளும் போட்டுப் பாத்தேன், தாயி. உனக்குச் சரிப்பட்டு வரல."

அவள் ஃபேனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வெடித்துப்போன பழைய தட்டுகளைப் பார்த்தாள். நான் இடுப்பிலிருந்த சாவியை எடுத்து மேசையில் வைத்தேன்.

"அத எடுத்து இடுப்புலயே வைங்க," என்றாள். "நீங்க வாசல்ல கெடந்ததாலதான் இன்னைக்கு ஒருத்தரும் கதவத் தெறக்கல. இனி தட்டு காயுத அன்னைக்கெல்லாம் ஃபேன் இல்லாம அங்கனதான் தூங்கணும்."

பேனாவை எடுத்துக் கதவில் ஒட்ட ஒரு தாள் எழுதினாள். நாற்பத்தாறு வயதில் எழுத்துக் கற்றவன் நான். விரல் வைத்து வாசித்தேன். 'உள்ளே தங்கம் உறங்கிக்கொண்டிருக்கிறது. சத்தம் போடாதீர்.'

பேனாவை வாங்கி, அதன் கீழே இன்னொரு வரி சேர்த்தேன்.

'வாசலில் தங்கசாமியும்.'