நீங்கதான் பதினேழு

அரையாண்டு விடுமுறை விட்ட அன்று ஒன்றாம் வகுப்பு டீச்சர் சொல்லியனுப்பியது ஒன்றுதான். பள்ளி திறக்கும்போது சத்யப்பிரியா இருபது வரை எண்ண வேண்டும். பன்னிரண்டு வரை அவள் சரியாகப் போவாள். அங்கிருந்து பதினெட்டுக்கு ஒரே தாவு.

அப்பா சுபாஷின் தொழிற்சாலையில் வருடக் கடைசி ஷட்டவுன். அம்மா கலைமதிக்கு லீவு இல்லை. "நான் ஷிஃப்ட் முடிஞ்சு வர்றதுக்குள்ள சொல்லிக் குடுத்துடுங்க" என்று கம்பெனி பஸ் ஏறிவிட்டாள்.

சுபாஷ் வேர்க்கடலையைப் பரப்பி மகளை உட்காரவைத்தான். பன்னிரண்டுக்கு மேல் கடலை அவள் வாய்க்குள் போனது.

"இன்னா பாப்பா, துன்னுட்டா எப்டி எண்றது?"

"மிச்சம் இல்லப்பா. முடிஞ்சிபோச்சு."

சாயங்காலம் வடக்குப்பட்டுத் தெருவில் பிள்ளைகள் ஐஸ்பாய் ஆடினார்கள். சத்யப்பிரியா மின்கம்பத்தில் முகம் புதைத்து எண்ணினாள். யாரும் ஒளிவதற்குள் இருபது வந்துவிட்டது. எல்லோரும் நடுத்தெருவில் மாட்டிக்கொண்டார்கள். மூன்றாம் வகுப்பு மெர்சிக்குக் கோபம் வந்தது.

"நடுவுல அஞ்சு நம்பர முழுங்கிட்ட. நாங்க எப்போ ஒளியறது?"

"அதெல்லாம் எனக்கு வராது."

மெர்சி கொஞ்சம் யோசித்தாள். "சரி, நான் பதிமூணு. நீ பதிமூணு சொன்னாத்தான் நான் ஓடுவேன். செந்தமிழன் பதினாலு." இன்னும் இரண்டு பேருக்குப் பதினைந்தும் பதினாறும் கிடைத்தன. அதற்குமேல் ஆளில்லை. வாசலில் நின்ற சுபாஷைப் பார்த்தாள். "மாமா, நீங்கதான் பதினேழு."

முதல் தடவை செந்தமிழன் நின்ற இடத்திலேயே நின்றான். அடுத்த தடவை பதினைந்து ஓடவில்லை. மூன்றாவது தடவை பதினாறு வரை எல்லோரும் ஓடிவிட்டார்கள். சுபாஷ் மட்டும் தெருவில் தனியாக நின்றான். சத்யப்பிரியா விரலிடுக்கில் அப்பாவைப் பார்த்தாள். சொல்லிக்கொடுக்க அவனுக்கு வாய் துடித்தது, அடக்கிக்கொண்டான்.

"பதி... னேழு."

சுபாஷ் சின்டெக்ஸ் தொட்டிக்குப் பின்னால் பாய்ந்தான். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த கலைமதி அவனைப் பார்த்து நின்றாள்.

"இன்னாங்க பண்ணிகினு இருக்கீங்க?"

"உஷ், குனி. பாப்பா எண்ணுது."

"பத்தொம்பது, இருபது" என்று குரல் வந்தது. கலைமதி டிபன் பையோடு அப்படியே குந்தினாள். கம்பெனிச் சேலையின் நீலம் தொட்டிக்கு வெளியே தெரிந்தது.

"ஐஸ்பாய் அம்மா!"

"நான் ஆட்டத்துலயே இல்லடி" என்றாள் கலைமதி. யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. மெர்சி அவளைக் கையோடு இழுத்துப்போய் மின்கம்பத்தில் நிறுத்தினாள்.