ஒரே அறைக்கு மூன்று லீடர்கள்

மணி பதினொன்றே முக்கால். சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. யாரிடமாவது கொட்டாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

நாளை காலை எங்கள் சபையில் குட்டிப் பிள்ளைகளுக்கு ஓர் அறை திறக்கிறோம். ஆராதனை முடியும்வரை பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு அம்மாக்கள் நிம்மதியாக உள்ளே உட்காரலாம். பாஸ்டர் என்னிடம் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "மூணு பெரியவங்க வந்தா அறையைத் திற. ரெண்டு பேர்னா திறக்காதே. ஆள் சேர்க்கிறது உன் பொறுப்பும்மா."

எனக்குப் பதினாறு வயது. அண்ணிக்காக ஒத்துக்கொண்டேன். இரட்டைப் பிள்ளைகள் பிறந்து இரண்டு வருடமாகிறது, அண்ணி ஒரு பிரசங்கம்கூட முழுசாகக் கேட்டதில்லை. ஒன்று அழுகையை நிறுத்தினால் மற்றது ஆரம்பிக்கும். வாரம் தவறாமல் வராந்தாவில்தான் நடை.

எங்கள் சபையில் யாரும் முடியாது என்று சொல்ல மாட்டார்கள். "ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேம்மா" என்பார்கள். அதற்கப்புறம் ஆள் கண்ணிலேயே படமாட்டார். அந்தப் பதில் வருவதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"அந்த அறைக்கு நீங்கதான் லீடர் அங்கிள். உங்களை விட்டா ஆளே இல்ல" என்றேன் எலக்ட்ரீஷியன் அங்கிளிடம். மனிதர் காலரைச் சரிசெய்துகொண்டு தலையாட்டினார். அட, வேலை செய்கிறதே! அதையே தையல் அக்காவிடமும், ரிட்டயரான டீச்சரிடமும் சொன்னேன். மூன்று பேரும் உடனே சரி. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இன்று ராத்திரி பத்து மணிக்குத்தான் மூவரையும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்தேன்.

அங்கிள் முதலில் எழுதினார்: "என் டீமுக்கு ஸ்தோத்திரம். எல்லாரும் எட்டு மணிக்கு வந்துடணும்."

"உங்க டீமா?" என்றார் தையல் அக்கா. "லீடர் நான்தானே அண்ணே? பிள்ளைங்களுக்குப் பாய்விரிப்பெல்லாம் தச்சு வெச்சுட்டேன்."

"எனக்கும் அதே பதவிதான் கிடைச்சது" என்று டீச்சரும் எழுதினார்.

மாட்டிக்கொண்டேன். மழுப்பிப் பார்க்கலாமா என்று இரண்டு முறை எழுதி அழித்தேன். கடைசியில் உள்ளதையே எழுதினேன்: "மூணு பேருக்கும் ஒரே பதவியைக் கொடுத்துட்டேன். வரமாட்டீங்களோன்னு பயம். மன்னிச்சிடுங்க."

"மூணு தலைவர், தொண்டன் ஒருத்தன் இல்ல. கட்சியே ஆரம்பிச்சிடலாம்!" என்றார் அங்கிள்.

"கொடி நான் தைக்கிறேன்" என்றார் அக்கா.

டீச்சர் குரூப்பை விட்டே வெளியேறிவிட்டார்.

இப்போது இரண்டு பேர். அறை திறக்காது. உடனே டீச்சருக்கு போன் போட்டேன்.

"டீச்சர், வெச்சுடாதீங்க."

"பொய் சொல்லிக் கூப்பிட்ட இடத்துக்கு நான் எதுக்கு வரணும்?"

"தப்புதான் டீச்சர். நீங்க வரலைன்னா அறை திறக்காது. அண்ணி நாளைக்கும் வராந்தாவிலதான் நடக்கணும்." அண்ணியின் இரண்டு வருடக் கதையையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

"சொன்னா, ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்னு சொல்லிடுவீங்களே டீச்சர்."

வாய் தவறி வந்துவிட்டது. தொலைந்தேன் என்று நினைத்தபோது அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது.

"அடிப்பாவி! நிச்சயமா அதைத்தான் சொல்லியிருப்பேன். எட்டு மணிக்கு வரேன். அழுற பிள்ளைங்களை என்கிட்ட விடு. லீடர் கீடர்னு இனிமே யாருகிட்டயும் பேசாதே, அது நீதான்."

நானா? அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நேராக அண்ணியின் அறைக்கு ஓடினேன். ஒரு பிள்ளையைத் தோளிலும் இன்னொன்றைத் தொடையிலும் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, மூணு பேரும் வராங்க! நாளைக்கு நீங்க உள்ள உக்காரப் போறீங்க!"

அண்ணி தட்டுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"பின்வரிசையில இடம் பிடிடி. பாஸ்டர் ஆரம்பிச்சதும் நான் தூங்கிடுவேன்."