மருத்துவமனைச் சாலையில் தெரியாத விளம்பரம்

கடையின் இரும்புக் கதவை மேலே தூக்குவதற்கு முன்பே மூத்தவள் தன் கைப்பேசியில் தன் கடையைத் தேடிப் பார்த்துவிடுவாள். ‘சக்கர நாற்காலி வாடகை’ என்று தட்டுவாள். பக்கத்தின் உச்சியில், ‘விளம்பரம்’ என்ற சிறிய எழுத்துக்கு அடியில், தன் கடையின் பெயர் நிற்பதைக் காண்பாள். விரல் பட்டுவிடாமல் மூடிவிடுவாள். ஒவ்வொரு தொடுதலுக்கும் கடைதான் காசு கட்ட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். பல் துலக்குவதைப் போல ஒழுங்காக நடந்துவந்த இந்தக் காரியம் மூன்று வாரங்களாகக் கெட்டுக் கிடந்தது. அவளுடைய கடையின் பெயர் அங்கே இல்லை. அதே சாலையில், மருத்துவமனை வாசலை ஒட்டிக் கடை வைத்திருப்பவனின் பெயர்தான் உச்சியில் உட்கார்ந்திருந்தது.

நோயாளிகளுக்கான கட்டில், சக்கர நாற்காலி, ஊன்றுகோல் ஆகியவற்றை வாடகைக்கு விடும் கடை அது. மூத்தவள் உரிமையாளர். அவள் தம்பி சக்கரங்களைப் பழுது பார்ப்பவன். தம்பி மனைவி முதல் மூன்று ஆண்டுகள் பின்புறக் கிடங்கில், திரும்பி வந்த கட்டில்களை மருந்து நீர் ஊற்றித் துடைத்தவள். விரல் இடுக்குகள் வெடித்துப் புண்ணான பிறகு, யாரையும் கேளாமல் கணினி கற்று, முன்பக்கச் சன்னலோர மேசையைப் பிடித்தாள். இணைய விளம்பரம் அவள் பொறுப்பு.

அந்தக் கடையில் வாய்மொழி உத்தரவுக்கு இடமில்லை. மூத்தவள் எதையும் துண்டுச் சீட்டில் எழுதி, தேதியிட்டு, கையெழுத்திட்டுத் தருவாள். செய்து முடித்தவர் அந்தச் சீட்டை மேசைமேல் நிற்கும் கம்பியில் குத்த வேண்டும். ‘சீட்டில் உள்ளதைச் செய்க. எதிர்ப்பேச்சு வேண்டாம்’ என்ற வாசகமும் அவள் கையெழுத்திலேயே சுவரில் ஒட்டப்பட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவள் கைப்பேசியைத் தம்பி மனைவியின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

“எங்க இருக்கு நம்ம விளம்பரம்? விரல வச்சுக் காட்டு.”

“உங்க போன்ல வராதுக்கா.”

“ஏன், என் போன் என்ன பாவம் பண்ணுச்சு?”

“தினம் பத்துத் தடவை தேடுறீங்க. ஒரு தடவைகூடத் தொடாம மூடிடுறீங்க. இந்தம்மாவுக்கு இதுல விருப்பமில்லன்னு அது முடிவு பண்ணிடுச்சு.”

“எனக்கு எதுல விருப்பம்னு முடிவு பண்ண அது யாரு?”

“இந்த வீட்ல அதுக்காவது தைரியம் வந்துச்சே” என்று தம்பி சக்கரத்துக்கு எண்ணெய் விட்டபடி முணுமுணுத்தான். இரண்டு பெண்களும் ஒருசேரத் திரும்பிப் பார்த்ததில், அவன் எண்ணெய்க் குப்பியோடு பின்பக்கம் போய்விட்டான்.

தம்பி மனைவி கணினியில் சோதனைப் பக்கத்தைத் திறந்தாள். ஊரையும் மொழியையும் தேர்ந்துகொண்டு, தேடும் சொல்லை எழுதினால், அந்த ஊரில் இருப்பவருக்குப் பக்கம் எப்படித் தெரியுமோ அப்படியே அது காட்டும்; விளம்பரம் எத்தனை பேருக்குக் காட்டப்பட்டது என்ற கணக்கும் ஏறாது. கடையின் பெயர் முதலிடத்தில் வந்து நின்றது. பக்கத்தில் ஒரு பச்சைக் குறி.

“நீயே பரீட்சை எழுதி, நீயே மார்க் போட்டுக்கிற. மூணு வாரமா ஆஸ்பத்திரியிலேர்ந்து ஒரு போன் வரலை. வர்றதெல்லாம் ஊர்க்கோடியிலேர்ந்து. மத்தியானம் விளம்பரக் கம்பெனிக்காரர் வர்றாரு. அவர்கிட்ட வேலையக் குடுத்துட்டு நீ கிடங்குக்குக் கிளம்பு. எட்டுக் கட்டில் துடைக்காமக் கிடக்கு.”

தம்பி மனைவி தன் விரல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

“ஆஸ்பத்திரிக்கே போயிப் பாத்துரலாமா? என் போனும் வேணாம், உங்க போனும் வேணாம். யாரோ ஒருத்தர் போன்ல பாப்போம்.”

“வா. உன் லட்சணத்த நாலு பேர் பாக்கட்டும்.”

கிளம்பும்போது தம்பி மனைவி கம்பியிலிருந்து ஒரு சீட்டை உருவிக் கைப்பைக்குள் வைத்ததை மூத்தவள் கவனிக்கவில்லை.

புறநோயாளிகள் பகுதியில் நீலநிற நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. கால் முழுவதும் மாவுக்கட்டுப் போட்ட கணவனை இரண்டு நாற்காலிகளில் நீட்டி உட்கார வைத்துவிட்டு, ஒருத்தி கையில் மருந்துச் சீட்டோடு நின்றாள்.

“இன்னிக்கு வீட்டுக்கு அனுப்புறாங்களாம்மா?” என்று மூத்தவள் கேட்டாள். “தள்ளு நாற்காலி வேணுமே, பாத்து வச்சிட்டீங்களா?”

“அதத்தான் தேடிட்டு இருக்கேன்.” அந்தப் பெண் கைப்பேசியில் தட்டினாள். மூவரும் குனிந்து பார்த்தார்கள். உச்சியில் வாசலை ஒட்டிய எதிரியின் கடை. அதற்குக் கீழே கட்டில் விற்கும் ஏதோ ஒரு நிறுவனம். மூத்தவளின் கடை முதல் பக்கத்திலும் இல்லை, இரண்டாம் பக்கத்திலும் இல்லை. மூத்தவள் தன் கடையைச் சொல்ல வாய் திறப்பதற்குள் அந்தப் பெண் எதிரியின் எண்ணை அழைத்தபடி நகர்ந்தாள்.

“பாத்தியா?” மூத்தவளின் குரல் கூடம் முழுவதும் கேட்டது. “என் போன்லதான் வராதுன்னு சொன்னியே! இது யார் போனு? மூணு வாரம் சும்மா உக்காந்து நாற்காலியத் தேச்சிருக்க.”

தம்பி மனைவி தன் கைப்பேசியில் அதே சோதனைப் பக்கத்தைத் திறந்தாள். முன்பு ஊரின் பெயர் இருந்த கட்டத்தில் இப்போது மருத்துவமனைச் சாலை என்று மாற்றினாள். பச்சைக் குறி போய்ச் சிவப்புக் கோடு வந்தது. ‘இந்த இடத்தில் காட்ட வேண்டாம் என்று நீங்கள் விலக்கியுள்ளீர்கள்.’

“விலக்கினது யாரு?”

கைப்பையிலிருந்து சீட்டு வெளியே வந்தது. நடுவில் கம்பி குத்திய ஓட்டை.

‘வாசல் கடைக்காரன் நம் விளம்பரத்தை வேண்டுமென்றே தட்டித் தட்டிச் செலவு வைக்கிறான். மருத்துவமனைச் சாலையில் யாருக்கும் நம் விளம்பரம் தெரியக் கூடாது. உடனே செய்க.’ தேதி. கையெழுத்து. ஒரு புள்ளிகூடத் தவறவில்லை.

மூத்தவள் அதை இருமுறை படித்தாள். “நான் அவனைச் சொன்னேன்.”

“யாருக்கும்னு எழுதியிருக்கீங்க. அவனும் இந்த ரோட்லதான் இருக்கான், ஆஸ்பத்திரியும் இந்த ரோட்லதான் இருக்கு, நம்ம கடையும் இந்த ரோட்லதான் இருக்கு.”

“அப்ப என் போன் விஷயம்?”

“அது பாதிக் காரணம். மீதி இது.”

“இப்படி ஆகும்னு தெரிஞ்சே செஞ்சியா?”

“தெரிஞ்சேதான் செஞ்சேன். எதிர்ப்பேச்சு வேண்டாம்னு சுவத்துல ஒட்டினது நானில்ல. ஏன் போன் வரலைன்னு நீங்களா என்கிட்ட வந்து கேப்பீங்கன்னு இருந்தேன். நீங்க வெளியாளக் கூப்பிட்டீங்க.”

“குடும்பம் நடத்துற கடைய மூணு வாரம் பட்டினி போட்டிருக்க. நீயெல்லாம் மனுஷியா?”

“என் கை வெடிச்சு ரத்தம் வந்தப்போ, ரப்பர் கையுறை தேவையில்லன்னு ஒரு சீட்டு எழுதினீங்க. அதுவும் கம்பியிலதான் இருக்கு. எடுத்துட்டு வரவா?”

அப்போது சக்கரங்களின் கிறீச்சொலி கேட்டது. வாசல் கடைக்காரனே ஒரு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தான். மாவுக்கட்டுக்காரரை அதில் ஏற்றி, கால் பலகையைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தவன் இவர்களைக் கண்டான்.

“என்ன மேடம், உடம்புக்கு முடியலையா? வண்டி வேணும்னா சொல்லுங்க. உங்ககிட்டப் போயி வாடகை வாங்குவேனா?”

“முதல்ல உன் சக்கரத்துக்கு எண்ணெய் விடு” என்றாள் மூத்தவள்.

“எங்க மேடம் நேரம்? போன் வந்துக்கிட்டே இருக்கு.” அவன் வழி கேட்டு, அவர்கள் இருவருக்கும் நடுவிலேயே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

இருவரும் கடைக்குத் திரும்பினார்கள். மூத்தவள் சீட்டுக் கட்டை எடுத்து எழுதினாள்: ‘மருத்துவமனைச் சாலைக்கு விதித்த விலக்கை நீக்குக.’ தம்பி மனைவி படித்தாள், கணினியைத் தொடவில்லை.

“வெளியாள் வேணாம்னும் எழுதுங்க.”

“மிரட்டுறியா?”

“மத்தியானம் அவர் வந்து, ஆஸ்பத்திரி ரோட்ட விலக்கினது யாருன்னுதான் முதல்ல கேப்பார். நான் பழைய சீட்டக் காட்டுவேன்.”

பேனா சீட்டின்மேல் நெடுநேரம் நின்றது. பிறகு எழுதிற்று. தேதி, கையெழுத்து. தம்பி மனைவி விலக்கை நீக்கினாள். புதிய சீட்டைக் கம்பியில் குத்தினாள். பழைய சீட்டை மட்டும் தன் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள்.

மறுநாள் காலை கடைத் தொலைபேசி ஒலித்தது. பின்னால் ஆட்களின் இருமலும், டோக்கன் எண் கூப்பிடும் குரலும் கேட்டன. மூத்தவள் மருத்துவமனையின் நீல நாற்காலியிலிருந்து பேசினாள்.

“நாலு பேர் போன்ல பாத்துட்டேன். வருது. ஆனா ரெண்டாவதா வருது. அவனுக்குக் கீழ வருது. ஏன் மேல வரலை?”

தம்பி மனைவி சன்னலோர நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

“எழுதிக் குடுங்கக்கா.”