செட்: இரண்டு மூடிகளும் ஒரு பதிவும்

1

இந்தக் கதை ஓர் அகராதிச் சீட்டிலிருந்து வந்தது. பேச்சுத் தமிழில் புழங்கும் ஆங்கிலச் சொற்களுக்கு அகராதி போடும் அலுவலகத்தில் எனக்கு வேலை. அங்கே ஒரு கண்டிப்பு: எடுத்துக்காட்டு வாக்கியத்தை இட்டுக்கட்டக் கூடாது. யாரோ உண்மையிலேயே சொல்லி, நம் காதில் விழுந்திருக்க வேண்டும். நாள், நேரம், இடம், சொன்னவர் எல்லாம் சீட்டில் இருக்க வேண்டும்.

என் தலையில் கட்டப்பட்ட சொல் 'செட்'. பார்க்கத்தான் சாது. பேருந்தில் ஒரு பெண், "அவ எங்க செட்டு இல்ல, அடுத்த செட்டு" என்றாள். பாத்திரக் கடையில், "ஆறு கப்பும் சேர்ந்தாதான் செட்டு, தனியாத் தர மாட்டோம்." வாடகை வீட்டைப் பார்த்துவிட்டு ஒருவர் உதட்டைப் பிதுக்கினார்: "நமக்கு செட் ஆகாதுங்க." கொத்தனார் ஒருவர் என்னை விரட்டியே விட்டார்: "இன்னும் செட் ஆகல, மிதிச்சிடாதீங்க." அலாரத்துக்கு ஒரு சீட்டு. ஆள் வைத்து நடத்திய நாடகத்துக்கு ஒரு சீட்டு. ஆறு பொருள் தேறின. ஏழாவது பல்செட். அதற்கு வெளியே அலைய வேண்டியதில்லை. அக்கா செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள்.

2

முதல் தொடக்கத்தை இப்படி எழுதினேன்:

'அக்காவுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த மூடியைப் பார்த்தாலும் கழுவிவிடுவாள்.'

நல்ல தொடக்கம்தான், படிப்பவர்கள் சிரிப்பார்கள். (இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள்.)

இரண்டாவது தொடக்கம்: 'மெழுகில் பல் அடுக்குகிறவளின் விரல்கள் எப்போதும்—' விட்டுவிட்டேன். விரல்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன்.

நடந்ததையே சொல்கிறேன். முடிந்த பல்செட்டுகளை அந்தக் கூடத்தில் சிறு பிளாஸ்டிக் டப்பாவில், தண்ணீரில் போட்டு வைப்பார்கள். டப்பாக்கள் எல்லாம் ஒரே அச்சு. நோயாளியின் பெயரை அக்கா மூடியில்தான் எழுதி ஒட்டுவாள். அது எங்கள் வீட்டுப் பழக்கம். சமையலறையில் சர்க்கரை, உப்பு என்று மூடியில்தான் எழுதியிருக்கும். அதனால் உப்புப் போட்ட டீயைச் சத்தமில்லாமல் குடிக்கத் தெரிந்த குடும்பம் எங்களுடையது.

அன்று மதியம் அக்கா சாப்பிடப் போயிருந்த நேரத்தில் நான்கு டப்பாக்களின் மூடிகள் கழற்றப்பட்டன, கழுவப்பட்டன, திரும்ப மூடப்பட்டன. (செயப்பாட்டு வினை எவ்வளவு வசதி என்று பாருங்கள்.) இரண்டு மூடிகள் மாறிவிட்டன.

3

மறுநாள் காலை பத்து மணி. சீட்டுக்கு இன்னொரு வாக்கியம் தேவைப்பட்டதால் அங்கேதான் இருந்தேன். ஒரு பல் மருத்துவரிடமிருந்து போன் வந்தது. தையல்காரம்மா ஒருவருக்குப் போன செட் வாயிலேயே உட்காரவில்லை. அந்த அம்மா இரண்டு மணி ரயிலில் மகளைப் பார்க்கப் போக வேண்டும். ஆறு வருடம் கழித்து. பல் எடுத்த நாளிலிருந்து வாயைக் கையால் மூடியே பேசிப் பழகியவர்.

முதலாளி போனை வைத்தார். அவர் கத்துகிற ஆள் இல்லை.

"ரெண்டு செட்டும் மாறிப் போயிருக்கு. யார் மூடினது?"

அக்கா மேசையிலிருந்த ஒரு டப்பாவின் மூடியைப் பார்த்தாள். பிறகு, "நான்தான் சார்" என்றாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சீட்டை எடுத்து எழுதினேன். 'ரெண்டு செட்டும் மாறிப் போயிருக்கு.' பொருள்: செயற்கைப் பல்வரிசை. நேரம்: காலை 10.10. சொன்னவர்: முதலாளி. என் கையெழுத்து நடுங்கக்கூட இல்லை. இதை எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது.

4

இனி நல்ல செய்தி. மற்ற செட் ஓர் ஓவிய ஆசிரியருடையது. அவர் அன்று காலை மருத்துவரிடம் போகவில்லை, மழை. அவர் பெயர் ஒட்டிய டப்பா பிரிக்காமல் கூடத்து மேசையிலேயே இருந்தது. அக்கா ஸ்கூட்டரை எடுத்தாள். நான் பின்னால் டப்பாவை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும், "கெட்டியாப் பிடிச்சுக்கோ" என்றாள்.

பன்னிரண்டரைக்குத் தையல்காரம்மாவின் பற்கள் தையல்காரம்மாவின் வாயில் இருந்தன. கண்ணாடியைப் பார்த்தார். பழக்கதோஷத்தில் கை மேலே போனது, பாதியில் கீழே இறக்கிக்கொண்டார்.

"இப்ப என் பொண்ணுக்கு என்னை அடையாளம் தெரியும்" என்றார்.

நான் காலி டப்பாவை மூடினேன்.

கதையை இங்கேயே முடித்திருக்கலாம், முதல் பிரதி இங்கேதான் முடிந்தது. ஆனால் முதலாளி அக்காவைப் பல் அடுக்கும் ஜன்னலோர மேசையிலிருந்து எடுத்து, பின்கட்டில் பல் அச்சு வார்க்கும் மாவு குழைக்க அனுப்பிவிட்டார். வேலையில் வைத்துக்கொள்வதா என்று மாதக் கடைசியில் சொல்வாராம். அக்கா நகக்கண்ணில் வெள்ளை மாவோடு வீட்டுக்கு வந்தாள். நான் 'செட்' பதிவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

5

அந்த முதல் தொடக்கத்துக்கு வருகிறேன். மூடி கழுவும் வியாதி அக்காவுக்கு இல்லை, எனக்கு. அன்று மதியம் கூடத்தில் இருந்தது நான். டப்பாக்களின் மேல் பல் ராவிய தூசி படிந்திருந்தது, கை சும்மா இருக்கவில்லை. ஏழாவது பொருளின் முதல் சீட்டை அப்போது அங்கேதான் எழுதினேன்; நாளும் நேரமும் இடமும் அதிலேயே போட்டிருக்கிறது. என் குட்டை உடைக்க என் சீட்டே போதும்.

கதையில் அந்த வியாதியை அக்காவுக்குக் கொடுத்தபோது பாத்திரம் பொருந்தவே இல்லை. மூன்று முறை திருத்தினேன். எழுத்துக் கோளாறு என்றுதான் நினைத்தேன்.

போன வாரம் சீட்டை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போய்ச் சொன்னேன். சொல்லி முடித்ததும் எனக்குப் பசித்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வாயால சொன்னா மறந்துடுவேன். எழுதிக் குடுங்க. நீங்க எழுதறவங்கதானே?"

எழுதிக் கொடுத்தேன், இதுவரை நீங்கள் படித்ததைத்தான். இரண்டு நாள் வைத்திருந்தார். மூன்றாம் நாள் பின்கட்டு வாசலில் நின்று, "மாவை வேற யாராவது பார்த்துக்கட்டும். நீ ஜன்னல் பக்கம் போம்மா" என்றாராம்.

6

இது முடிவு மாதிரி இருக்கிறது. முடிவு இல்லை. அன்று சாயங்காலம் சமையலறையில் அக்காவிடம் கேட்டேன்.

"நான்தான்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"போன் வந்த அன்னைக்கே. மூடி பளபளன்னு இருந்துச்சு. அங்க யாருடி மூடி கழுவறா, உன்னை விட்டா?"

"அப்புறம் ஏன் உன் தலையில போட்டுக்கிட்ட?"

"மூடியில எழுதினது நான்தானே. பாதித் தப்பு என்னுது." அடுப்பைத் தணித்தாள். "மீதிப் பாதியை நீ சொல்லுவேன்னு பார்த்தேன்."

"எத்தனை நாள்?"

"இருபத்திரண்டு."

சொல்லிவிட்டுச் சர்க்கரை டப்பாவை எடுத்தாள். மூடியிலிருந்த சீட்டை நகத்தால் உரித்து, டப்பாவின் வயிற்றில் ஒட்டினாள். உப்பு டப்பாவை என் பக்கம் தள்ளினாள்.

அப்போது நான் சொன்னதை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றும் இட்டுக்கட்டியவை, எங்கள் அலுவலகத்தில் செல்லாது. உண்மையில் சொன்னதை எழுத மாட்டேன், அது அக்காவுக்கு. நீங்களும் யாரிடமாவது இருபத்திரண்டு நாள் தாமதமாகச் சொன்ன வாக்கியம் ஒன்று இருக்கும். அதையே இங்கே போட்டுக்கொள்ளுங்கள். இன்னும் சொல்லவில்லை என்றால், கதையை மூடி வைத்துவிட்டுப் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.